பக்கச் சேதம்

என்னிடம் ஒரு புரூஃப் தாள் இருக்கிறது. செய்தித்தாளில் ஒரு பத்தி எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம், ஒரு முழ நீளம். எழுத்துக் கோத்து, மை தடவி, பிழை பார்ப்பதற்காக அச்சுக்கூடத்தில் எடுத்துக் கொடுக்கும் ஒற்றைப் பிரதி அது. தாள் பழுத்து, மடித்த இடத்தில் கிழியத் தொடங்கிவிட்டது. அதன் நடுவில் ‘பக்கச் சேதம்’ என்ற இரண்டு சொற்களைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் “எந்தப் பக்கம்?” என்று கேட்டிருக்கிறார் எங்கள் அச்சுக்கூட ஃபோர்மேன். அதற்குக் கீழே நீல மையில், என் கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: “இருக்கட்டும்.” மாற்ற வேண்டாம், உள்ளபடியே அச்சாகட்டும் என்பதற்கு எங்கள் ஆபீசில் அப்படித்தான் எழுதுவோம். வீடு மாறியபோதெல்லாம் கட்டுக் கட்டாகக் காகிதங்களை எடைக்குப் போட்டிருக்கிறேன். இதை மட்டும் போட முடியவில்லை. ஏதோ பிரியத்தில் பாதுகாக்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தூக்கிப் போடத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

நான் அப்போது சென்னையில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியர். உதவி ஆசிரியர் என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டியதில்லை. டெலிபிரிண்டரில் ஆங்கிலத்தில் வந்து விழும் வெளிநாட்டுச் செய்தியைக் கிழித்து எடுத்து, மேசையில் போட்டு, தமிழில் எழுதிக் கொடுப்பதுதான் வேலை. உலகத்தில் எங்கே யார் ஆட்சியைப் பிடித்தாலும், யார் யாரைச் சுட்டாலும், அன்று மாலைக்குள் அது என் பேனா வழியாகத்தான் தமிழுக்கு வரவேண்டும். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. புதிதாக ஒரு ஆங்கிலச் சொல் வந்தால் அதற்குப் பொருத்தமான தமிழைக் கண்டுபிடிப்பதில் ஆபீசில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நானே நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

குடியிருந்தது சிட்லபாக்கத்தில். எண்பத்தைந்து வாக்கில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனோம். தெருவில் பாதி மனை காலியாகக் கிடக்கும். மழை பெய்தால் சானடோரியம் ஸ்டேஷன் வரைக்கும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே அக்கா வீடு. கூடப்பிறந்த அக்கா இல்லை. முதல் நாளே ஒரு குடம் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, “கெணறு தூர் வாரற வரைக்கும் எங்க வூட்லயே எடுத்துக்கங்க தம்பி” என்றார். அன்றையிலிருந்து அக்கா. மாடம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஒரே மகள். கணவர் ஈராக்கில் வேலை பார்த்தார்.

அக்காவுக்கு ஒரு வழக்கம். எங்கள் பேப்பரைத்தான் வாங்குவார், அதுவும் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் படிப்பார். ஒற்று விட்டுப்போன இடம், வல்லின றகரம் போட வேண்டிய இடத்தில் இடையின ரகரம் போட்ட இடம் எல்லாவற்றின் கீழும் கோடு விழும். ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்துப் பேப்பர்களை மடித்து எடுத்துக்கொண்டு எதிர் வீட்டிலிருந்து தெருவைக் கடந்து வருவார். “தம்பி, புதன்கிழமை மூணு, வியாழக்கிழமை அஞ்சு. வியாழக்கிழமை லீவுல இருந்தீங்களா?” என்பார். என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். எங்கள் ஆசிரியருக்குக்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை. பேனாவை எடுத்தால் அக்காவின் பென்சில் ஞாபகத்துக்கு வரும். அந்த ஐந்தாறு வருடங்களில் நான் ஓரளவு பிழையில்லாமல் எழுதக் கற்றுக்கொண்டதற்கு அவர்தான் காரணம்.

அக்காவின் கணவரை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். கிண்டியில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு வெளிநாடு போனவர். பாக்தாதுக்கு வெளியே, ஆற்றிலிருந்து தண்ணீர் இறைத்துச் சுத்தம் செய்து ஊருக்கு அனுப்பும் இடத்தில் பம்ப் மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வந்த மறுநாளே தெருவில் யார் வீட்டு மோட்டார் மக்கர் செய்தாலும் அவர்தான் நிற்பார். ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்குரூ டிரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். “பேரிங் அழுவுது” என்பார். கழற்றிப் பார்த்தால் பேரிங்தான் போயிருக்கும்.

அந்த நாட்டைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். ஒரே ஒரு முறை, எண்பத்தெட்டில் லீவில் வந்திருந்தபோது, ஏரிக்கரையில் நடந்துகொண்டே சொன்னார். அங்கே பம்ப் ஹவுஸில் அந்த நாட்டு அதிபரின் படம் ஒன்று மாட்டியிருக்குமாம். இவரோடு வேலை பார்த்த உள்ளூர்க்காரர், பெரிய கேலிக்காரர், ஒருநாள் நனைந்த துண்டைக் காயப்போட இடமில்லாமல் அந்தப் படத்தின் ஆணியிலேயே மாட்டிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அவருடைய சாப்பாட்டு டப்பா ஜன்னல் விளிம்பிலேயே இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. மாதக்கணக்கில் அங்கேயே இருந்தது. “எங்கன்னு ஒருத்தனும் கேக்கல தம்பி. அவரு கூடப் பத்து வருஷம் வேலை செஞ்சவனும் கேக்கல. நானும்தான் கேக்கல” என்றார்.

எனக்கு அந்த டப்பா மனதில் ஒட்டிக்கொண்டது. அதற்குக் காரணம் உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில் என் அண்ணனைக் கொண்டுபோனார்கள். ஏதோ ஒரு நோட்டீசை ஒட்டினான் என்பதுதான் குற்றம். பதினொரு நாள் எங்கே இருக்கிறான் என்று யாரும் சொல்லவில்லை. அப்பா போய்ப் பார்த்த இடத்திலெல்லாம், அப்படி யாரும் இங்கே இல்லையே என்றார்கள். திரும்பி வந்தபோது அவனுக்கு இடது காது கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. எனக்கு அப்போது பதினெட்டு வயது. எங்கிருந்தாவது, யாராவது, எந்தக் கொடியோடாவது வந்து இவர்களை அடித்து நொறுக்க மாட்டார்களா என்று அந்தப் பதினொரு நாளும் நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குள்ளேயே தங்கிவிட்டது. பிறகு உலகத்தில் எந்த மூலையில் எந்தச் சர்வாதிகாரியைப் பற்றிச் செய்தி வந்தாலும் அவனுக்கு நான் எழுதும் தலைப்பில் ஒரு குத்து கூடுதலாக இருக்கும்.

தொண்ணூறாம் ஆண்டு ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. அதிலிருந்து ஐந்தாறு மாதம் மின்சார ரயிலில் வேறு பேச்சே இல்லை. சானடோரியத்தில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்குவதற்குள் உலகத்தின் தலைவிதியைத் தீர்மானித்துவிடுவோம். வல்லரசு அடிக்க வேண்டுமா, கூடாதா. எங்கள் பெட்டியில் எல்லாருக்கும் மேலே என் குரல்தான் கேட்கும். கையில் செய்தி இருக்கிறது, வாயில் தமிழ் இருக்கிறது, கேட்கவா வேண்டும்? குரோம்பேட்டையில் ஏறும் வங்கி அதிகாரி ஒருவர் மட்டும் பொறுமையாக எதிர்வாதம் செய்வார். “அவங்களுக்கு எண்ணெய் வேணும் சார். நியாயம், தர்மம்லாம் சும்மா” என்பார். நான் விடமாட்டேன். “லஞ்சம் வாங்கற போலீஸ்காரனா இருந்தா என்ன சார், திருடனைப் பிடிச்சான்னா சரிதானே?” என்று கேட்டேன். பெட்டியே சிரித்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “பிடிச்சா சரி சார். பிடிக்கறதுக்காகத் தெருவைக் கொளுத்துனா, அந்தத் தெருவுல நம்ம வீடு இல்லாத வரைக்கும் சரி” என்றார். நல்ல பதில்தான். நான் அன்று ஒத்துக்கொள்ளவில்லை. அந்தத் தெருவில் எங்கள் அக்காவின் வீடு இருந்தது என்பதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

டிசம்பர் கடைசியில், ஜோர்டான் வழியாகத் திரும்பி வந்த ஒருவர் மூலமாக சாரின் கடிதம் வந்தது. அக்கா அதை எடுத்துக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமைதான். ஆனால் கையில் பேப்பர் கட்டு இல்லை, பென்சிலும் இல்லை. குவைத்தை விட்டு வெளியேற, ஜனவரி நடுவில் முடியும் கெடு ஒன்றை உலக நாடுகள் கூடி ஈராக்குக்கு வைத்திருந்தன. அதற்குள் ஒரு பஸ் எல்லைக்குப் போகிறது, அதில் இடம் தருகிறார்கள் என்று எழுதியிருந்தார். ஆனால் பம்ப் தெரிந்த ஆட்கள் எல்லாரும் போய்விட்டார்கள், இருப்பது இரண்டே பேர், தானும் போனால் அந்தப் பக்கம் முழுக்கத் தண்ணீர் நின்றுவிடும் என்றும் எழுதியிருந்தார். இங்கே ரேடியோவில் பாட்டைத் தவிர ஒன்றும் வருவதில்லை, பேப்பர்காரத் தம்பியைக் கேள், அவருக்குத் தெரியும், அவர் என்ன சொல்கிறாரோ அதன்படி செய்யலாம் என்பது கடைசி வரி. அந்த ஞாயிற்றுக்கிழமையே பதினொரு மணிக்குப் பக்கத்துத் தெரு டாக்டர் வீட்டுக்கு ஃபோன் செய்வதாகவும் அதில் சொல்லியிருந்தார்.

மணி அப்போது பத்தேகால். அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். “வரச் சொல்லவா தம்பி?” என்றார்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் பிரசங்கம் செய்தேன். இப்போதைய குண்டுகள் பழைய காலத்துக் குண்டுகள் மாதிரி இல்லை, எந்தக் கட்டடத்தில் எந்த ஜன்னல் என்று பார்த்து நுழையும் என்றேன். அவர்களுக்குச் சண்டை அந்த அதிபரோடுதான், ஜனங்களோடு இல்லை என்றேன். தண்ணீர் பம்பை எதற்கு அடிக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். இந்தச் செய்திகளுக்காக நானே தேர்ந்தெடுத்து வைத்திருந்த சொல் ஒன்று இருந்தது, துல்லியத் தாக்குதல். அதையும் எடுத்துவிட்டேன். “துல்லியமா அடிப்பாங்கக்கா. ராணுவத்தை மட்டும்தான்.”

“நிச்சயமா?”

“அவரு அங்கேயே இருக்கட்டும்கா. அந்த எல்லைக்குப் போற ரோடுதான் ஆபத்து.”

டாக்டர் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். அக்கா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார். மகள் நன்றாகப் படிக்கிறாள், கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்றார். பிறகு பாடம் ஒப்பிக்கிறாற்போல, ஒவ்வொரு சொல்லாக, “துல்லியமா அடிப்பாங்களாம். தம்பி சொல்றாரு. இருக்கட்டும்ங்கறாரு” என்றார். லைன் கரகரவென்று இழுத்து அறுந்துபோனது. வெளியே வந்ததும், “தெம்பா பேசினாரு” என்று சிரித்தார்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். தெரியாமல் சொன்னேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. டெலிபிரிண்டரில் வந்ததையெல்லாம் படித்தவன் நான். மின் நிலையங்கள், பாலங்கள் என்று குறி வைக்கும் இடங்களைப் பற்றிய ஊகங்களும் அதில் வந்துகொண்டுதான் இருந்தன. என் அண்ணனின் காதுக்குப் பதிலாக உலகத்தில் எங்காவது ஒரு சர்வாதிகாரியின் மேல் அடி விழ வேண்டும் என்று எனக்கு ஆசை. சண்டை வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவன், அதில் எதிர் வீட்டுக்காரர் செத்துப்போவார் என்று எப்படி நம்புவான்? நம்பினால் ஆசைப்பட முடியாதே. எனக்காக நான் சொல்லிக்கொண்ட பொய்யைத்தான் அக்காவுக்கும் சொன்னேன்.

சண்டை வந்தது. முதல் நாள் காலை ஆபீசுக்கு ஓடினேன். டெலிபிரிண்டர் மூச்சுவிடாமல் அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று நான் உற்சாகமாக இருந்தேன். துல்லியத் தாக்குதல், துல்லியத் தாக்குதல் என்று பத்திக்குப் பத்தி எழுதினேன். தெருவில் அக்காவைப் பார்க்கும்போது, “ராணுவ இடம்தான்கா” என்பேன். அவரும் தலையாட்டுவார். ஆனால் அந்த நாட்டுக்கு ஃபோன் இல்லை, தபால் இல்லை. பக்கத்து விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானம் ஏதாவது தாழப் பறந்தால் தெருக் குழந்தைகள் மொட்டை மாடிக்கு ஓடுவார்கள். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போவார்.

மூன்றாவது வாரம் ஒரு செய்தி வந்தது. ஆற்றின் மேலிருந்த பாலம் ஒன்றைத் தகர்த்துவிட்டார்கள். அதில், அதுவரை நான் மொழிபெயர்த்திராத ஒரு சொல்: கொலாட்டரல் டேமேஜ். அகராதியைப் புரட்டினேன். மருந்துக்குப் பக்க விளைவு இருப்பதுபோல இதற்குப் பக்கச் சேதம் என்று போடலாம் என்று தோன்றியது. ‘பக்கச் சேதம் ஓரளவு இருக்கலாம் என்று ராணுவ வட்டாரங்கள் தெரிவித்தன’ என்று எழுதி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஃபோர்மேன் புரூஃப் தாளோடு மேசைக்கே வந்து நிற்கிறார். வடசென்னைக்காரர், வேலையில் கெட்டி. “இன்னா சார் எழுதிக்கீறே? பக்கம் சேதம்னு கீது. எந்தப் பக்கம் சேதம்? நாலாம் பக்கமா, கடைசிப் பக்கமா? நாளைக்கு இதப் படிச்சுட்டு எங்க மேல இல்ல பேஜாரு வரும்” என்றார். எங்கள் தொழிலில் பக்கம் என்றால் பேப்பரின் பக்கம்தான். மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தோம். ஆளுக்கு ஆள், “மூணாம் பக்கம்தான், அங்கதான் சினிமா விளம்பரம்” என்று அடித்துவிட்டார்கள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் “இருக்கட்டும்” என்று எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் அக்கா தெருவைக் கடந்து வந்தார். பேப்பரை மடித்து அந்தச் செய்தி மட்டும் தெரிகிற மாதிரி பிடித்திருந்தார். இரண்டு சொற்களின் கீழே பென்சில் கோடு.

“ஒற்றெல்லாம் சரியா இருக்கு தம்பி. அர்த்தம்தான் புரியல. பக்கச் சேதம்னா?”

“அது வந்துக்கா, குறி வெச்ச இடத்துக்குப் பக்கத்துல… தெரியாம படறது.”

“பக்கத்துல இருக்கறவங்களா?”

நான் அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்தேன்.

“பம்ப் ஹவுஸ் ஆத்தோரம்தான் தம்பி. பாலம் தெரியும்னு சொல்லியிருக்காரு.” பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்தார். “துல்லியமா அடிப்பாங்கன்னு சொன்னீங்களே” என்று மட்டும் கேட்டார். கோபமே இல்லை. மாணவனிடம், போன வாரம் வேறு மாதிரி எழுதினாயே என்று டீச்சர் கேட்கிற குரல்தான்.

சண்டை நின்று இரண்டு மாதம் கழித்து, சாரோடு ஒரே அறையில் இருந்தவர் ஊர் திரும்பி, வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர். அக்கா என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முதல் வாரமே மின்சாரம் போய்விட்டது, பம்ப் எல்லாம் நின்றுவிட்டன. சார் எங்கிருந்தோ டீசல் பிடித்து, பழைய ஜெனரேட்டர் ஒன்றைச் சரிசெய்து, ஒரே ஒரு பம்பை மட்டும் காலையில் நாலு மணி நேரம் ஓட்டினார். ஜனங்கள் வாளியோடு வந்து நிற்பார்கள். பாலத்தை அடித்த அன்று காலையிலும் பம்பை ஓட்டத்தான் போயிருந்தார். பாலம் நடுவில் சரியாக இரண்டாக விழுந்தது. பாலத்தின் இந்தக் கரையில் இருந்த எதுவும் மிச்சமில்லை. அடித்தவர்கள் துல்லியமாகத்தான் அடித்திருந்தார்கள்.

“அவரு சாமான் ஏதாவது?” என்று அக்கா கேட்டார். ரூமில் இருந்த பெட்டியைக் கொண்டுவந்திருக்கிறேன் என்றார் அவர். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, “அன்னிக்குச் சாப்பாட்டு டப்பாவ ரூம் ஜன்னல்லேயே மறந்து வச்சிட்டுப் போயிட்டாரும்மா. எங்களுக்கு எடுக்க மனசு வரல. கெளம்புற வரைக்கும் அங்கதான் இருந்திச்சு” என்றார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த இன்னொரு டப்பாவின் கதை அவருக்கும் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எத்தனையோ பாலங்களை உடைத்தார்கள். என் செய்தியில் வந்தது அந்தப் பாலம்தானா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. ஆனால் மறுநாள் ஆபீசுக்குப் போய், கம்பியில் குத்தி வைத்திருந்த பழைய புரூஃப்களுக்குள் தேடி இந்தத் தாளை உருவி எடுத்துக்கொண்டு வந்தேன்.

இவ்வளவுக்கும் பிறகு அந்த அதிபருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். உங்கள் ஆட்சியாளனை நீங்களே எழுந்து நின்று தூக்கி எறியுங்கள் என்று வெளியிலிருந்து அந்த ஜனங்களுக்குச் சொன்னார்கள். அவர்களும் நம்பி எழுந்தார்கள். எழச் சொன்னவர்கள் எல்லையில் நின்று வேடிக்கை பார்க்க, அவன் ஹெலிகாப்டர்களை அனுப்பிச் சுட்டான். அதற்குப் பிறகு தடை. மருந்து போகாது, குழாய் போகாது, பம்புக்கு உதிரி பாகம் போகாது. தொண்ணூறுகள் முழுக்க, குழந்தைகள் அழுக்குத் தண்ணீர் குடித்துச் சாகிற செய்தி அவ்வப்போது ஐந்தாறு வரி வரும். இடமிருந்தால் ஆறாம் பக்கத்தில் போடுவோம். அவன் படம் ஆணியில்தான் இருந்தது. கீழே இருந்தவர்களுக்குத்தான் இரண்டு பக்கமும் அடி.

ஒருநாள் பல்லாவரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது அவனிடம் கேட்டேவிட்டேன். அன்று நீ உள்ளே இருந்தபோது, யாராவது வெளிநாட்டுக்காரன் வந்து குண்டு போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்குமா என்று. கேட்கிற காதை என் பக்கம் திருப்பி, மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சிரித்தான். “டேய், போட்டா எங்க போடுவான்? என்னை அடைச்சு வெச்ச இடத்து மேலதான் போடுவான். உள்ள நான்தானடா இருந்தேன்” என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஆனா ஒண்ணு. பதினோரு நாளும், எவனாவது வரமாட்டானான்னுதான் காத்துகினு இருந்தேன். எவன் வந்தாலும் சரின்னுதான் இருந்திச்சு” என்றான். இந்த இரண்டில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது? இரண்டையும் சொன்னவன் ஒருவனே. ரயிலில் அப்படி முழங்கிய நான் அதற்குப் பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வேன்.

அக்கா எங்களிடம் பழகுவதில் எந்த மாற்றமும் இல்லை. பொங்கலுக்குப் பொங்கல், தீபாவளிக்கு அதிரசம், எல்லாம் தெருவைக் கடந்து வந்துகொண்டுதான் இருந்தன. பேப்பரை மட்டும் நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் கோடு போட்ட கட்டோடு வருவதும் நின்றுபோனது. என்னிடம் எதைப் பற்றியும் கருத்துக் கேட்டதில்லை. மகளை எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம் என்று தெரு முழுக்கக் கேட்டார், என்னிடம் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஐந்தாறு வருடம் கழித்து, ஏரிக்கரையில் ஒரு சாயங்காலம், நானே பேச்சை எடுத்தேன். “அன்னைக்கு நான் சொன்னதாலதான்கா” என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் நின்றேன். அக்கா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க வரச் சொல்லியிருந்தாலும் அவரு வந்திருக்க மாட்டாரு தம்பி. பம்பை விட்டுட்டு வர மனுஷன் இல்ல அவரு. எனக்குத் தெரியும்.”

எனக்கு நெஞ்சில் ஏதோ இளகியது. அது ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை.

“ஆனா, வான்னு நான் கூப்பிட்டேன்னு இருந்திருக்கும். எனக்கு அது இருந்திருக்கும்” என்றார். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “பனி இறங்குது, போலாம்” என்றார்.

இப்போது அக்கா நாவலூரில் மகள் வீட்டில் இருக்கிறார். பத்தாவது மாடி. அந்த அதிபரைப் பின்னாளில் இன்னொரு சண்டையில் விரட்டிப் பிடித்ததும், அதற்குப் பிறகும் அந்த நாட்டில் சாவு நிற்காததும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். போன வாரம் நாவலூருக்குப் போயிருந்தேன். டி.வி.யில் வேறொரு நாடு, வேறொரு சர்வாதிகாரி, அதே வல்லரசுகள். நான்கைந்து பேர் உட்கார்ந்து, அடிக்கலாமா கூடாதா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் குரல் என் பழைய குரல் மாதிரியே இருந்தது. அக்காவின் மகள் காப்பியைக் கொடுத்துவிட்டு, “நீங்க என்ன நினைக்கிறீங்க மாமா? விட்டா அவன் அங்க இருக்கறவங்களையெல்லாம் கொன்னுடுவான் இல்ல? யாராவது போய்த்தானே ஆகணும்?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அக்கா டி.வி.யையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். நான், காப்பி நல்லா இருக்கும்மா என்றேன்.

நேற்று அந்தப் புரூஃப் தாளை மறுபடி எடுத்து மேசைமேல் விரித்தேன். எந்தப் பக்கம் என்று ஃபோர்மேன் கேட்டது அப்படியே இருக்கிறது. பேனாவை எடுத்து, என் கையெழுத்திலிருந்த “இருக்கட்டும்” என்ற சொல்லை அடித்தேன். அதன் பக்கத்தில் “வரச் சொல்லுங்கள்” என்று எழுதினேன். அச்சாகி முடிந்த பக்கத்தில் திருத்தம் போடுகிறவனை எங்கள் ஃபோர்மேன் வாய்க்கு வந்தபடி திட்டுவார். திட்டுவதற்கு அவரும் இப்போது இல்லை. மை காயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தேன்.